கால் மணி முந்திய கடிகாரம்

அன்று தாம்பரம் கோர்ட்டில் இருந்தவர்கள்: மாஜிஸ்ட்ரேட் ஐயா, கீழே டைப் அடிக்கும் அம்மா, அரசுத் தரப்பு வக்கீல், கேஸ் பிடித்த ஏட்டு, சாட்சி சொல்ல வந்த வாட்ச்மேன், என் வக்கீல் மேடம், என் மனைவி, கூண்டில் நான். மனைவி மடியில் ஒரு பை. அதில் லுங்கி, பல்பொடி, என் மாத்திரை. அன்றைக்கே ஜெயிலுக்கு அனுப்பிவிட்டால்? நான்தான் கட்டச் சொன்னேன்.

நான் தண்ணீர் மோட்டார் மெக்கானிக். மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடியில் வேலை முடித்து, அந்த வீட்டு அம்மாவிடம் கூலி வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பிறகு அவரும் வெளியே போய்விட்டு மாலையில் திரும்பி வந்தபோது பூட்டு உடைந்திருந்தது, சங்கிலியைக் காணோம். காலையில் வீட்டைப் பூட்டியதும் கணவருக்குப் போன் செய்தாராம். போன் கம்பெனிக் கணக்கில் அது பத்தரை. நான் கேட்டைத் தாண்டுவதைக் கேமரா காட்டிய நேரம் பத்து நாற்பது. நடுவில் பத்து நிமிஷம் என்ன செய்தாய் என்று போலீஸில் கேட்டார்கள்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். கம்ப்யூட்டரே சொல்லும்போது நான் யார் மறுக்க? ஒருவேளை நானேதான் எடுத்துவிட்டு மறந்துபோனேனோ என்றுகூட ஓர் இரவு நினைத்தேன்.

கீழ்க்கட்டளையில் மேடத்தின் ஆபீஸ். ஒருநாள் ஆறு மணிக்கு வரச் சொன்னார். கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றோம்.

"ஏன் இவ்ளோ சீக்கிரம்?"

"இவரு கதைய கேக்காதீங்க மேடம். லேட்டாயிடும்னு பயந்து வூட்டுக் கடியாரத்தையே அரமணி முன்னாடி வெச்சிருக்காரு. இவருகூட குடும்பம் நடத்தறது பெரிய பேஜாரு" என்றாள் மனைவி.

மேடம் சிரித்தார். பிறகு பேனாவை மூடிவிட்டு, கேஸ் கட்டில் கேமரா நேரம் எழுதியிருந்த பக்கத்தைப் புரட்டினார். மறுநாள் தானே ஸ்கூட்டரில் மேடவாக்கம் போய், வாட்ச்மேன் கேபினை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

கோர்ட்டில் அவர் வாட்ச்மேனைக் கேட்டது அங்கே பார்த்ததைப் பற்றித்தான்.

"உங்க கேபின்ல கடிகாரம் இருக்கா?"

"கீது மேடம்."

"சரியான டைம் காட்டுமா?"

"எங்க காட்டும்? கால் மணி முன்னாடி வெச்சிகீறேன். நைட்டு டூட்டி ஆளு லேட்டா வந்துகினு இருந்தான், அதுக்கோசரம்."

"கேமராவுல டைம் வெச்சது யாரு?"

"மாட்ட வந்தவருதான். மணி இன்னான்னாரு. கடியாரத்தப் பாத்து சொன்னேன். அதுக்கப்பறம் யாரும் அத தொடல."

ஏட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாஜிஸ்ட்ரேட் ஐயா தன் தலைக்கு மேலிருந்த கோர்ட் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கைக்கடிகாரத்தையும் பார்த்தார். டைப் அடிக்கும் அம்மா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியென்றால் நான் கேட்டைத் தாண்டியது பத்து இருபத்தைந்துக்கு. அப்போது மேடவாக்கத்து அம்மா வீட்டைப் பூட்டவே இல்லை.

தீர்ப்பு வந்தது, விடுதலை. அந்தப் பையை மனைவி வீட்டில் பிரிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. சங்கிலியை எடுத்தவர் யாரோ, இன்றுவரை தெரியாது.

மேடம் ஃபீஸ் கேட்டு ஒருநாளும் போன் செய்ததில்லை. கொண்டுபோனால், "பசங்க ஸ்கூல் ஃபீஸ் கட்டியாச்சா? முதல்ல அதக் கட்டுங்க" என்பார். அவர் வீட்டு மோட்டார் நின்றால் நான்தான் போகிறேன். என் கூலியை ஃபீஸ் பாக்கியில் கழித்துக்கொள்ளச் சொன்னால் கேட்பதில்லை. "அது வேற, இது வேற" என்று கையில் திணித்துவிடுவார். அதனால் பாக்கி குறையாமல் அப்படியே நிற்கிறது: மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.