பலகையில் மட்டும் நிற்கும் கோழி

“மார்ச் இரண்டாம் ஞாயிறு, காலை. லாபு, எஸ்டேட் பெரிய கால்வாய். கேட்டது ஒன்று. பார்த்தது இல்லை.”

எங்கள் பறவை பார்ப்போர் குழுவின் பதிவு இது. எழுதியவன் நான். தேதி சரி, இடமும் சரி.

அன்று செம்பனை வரிசைகளுக்கு நடுவே, கோரைப்புல் மண்டிய கால்வாய் ஓரமாக நின்றிருந்தோம். புல்லுக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பியது. எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். அது சாதாரண ருவாக் ருவாக் நீர்க்கோழி இல்லையாம். அதன் உறவுக்காரக் கோழி, எங்கள் வட்டாரத்தில் நாங்கள் யாரும் பதிவு செய்யாதது. தம் கைப்பேசியில் இருந்த அதே கோழியின் குரலை ஒலிக்கவிட்டார். புல்லுக்குள்ளிருந்து பதில் வந்தது. மறுபடி ஒலிக்கவிட்டார், மறுபடி பதில். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

மாலையில் மச்சான் வீட்டுக்குப் போனேன். என் மனைவியின் அண்ணன். எஸ்டேட்டில் லோரி ஓட்டியவர். ருவாக் ருவாக் பிடிக்க முறையாக லைசென்சு வைத்திருக்கிறார். அவர் பிடிக்கும் இடம் அந்தக் கால்வாய்தான், வேறெங்கும் போகமாட்டார். வலையை விரித்து, புல்லுக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கரை ஒளித்துவைத்து, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய மெமரி கார்டைப் போட்டுவிடுவார். அந்தக் கார்டில் ஊரில் உள்ள கோழியெல்லாம் கலந்து கூவும்.

“மச்சான், காலையில கால்வாய்க்கிட்ட ஸ்பீக்கர் வச்சீங்களா?”

“ஞாயித்துக்கிழமை வைக்காமலா? ஏன் மாப்ளே, உங்க டாக்டரு வலையில மாட்டிக்கிட்டாரா?”

கார்டைப் போட்டுக் கேட்டேன். அந்தக் குரல் அதில் இருந்தது.

டாக்டரிடம் சொன்னேன். “ஸ்பீக்கர் எப்படி சார் பதில் சொல்லும்?” என்றார். அதற்குள் அவருடைய அறிக்கை எஸ்டேட் நிர்வாகத்துக்குப் போய்விட்டது. நிர்வாகம் அப்போது ஏதோ பசுமைச் சான்றிதழுக்கு அலைந்துகொண்டிருந்தது. காசு செலவில்லாமல் ஓர் அரிய பறவை கிடைத்தால் விடுவார்களா?

இரண்டே மாதத்தில் கால்வாய் ஓரம் பலகை எழும்பியது. பறவைகள் புகலிடம், வேட்டையாடத் தடை. திறப்பு விழாவுக்குச் சட்டமன்ற உறுப்பினர் வருகிறார், பாம்பு கீம்பு இருந்தால் வம்பு என்று, முந்தின வாரமே கோரைப்புல் முழுவதற்கும் மருந்தடித்தார்கள். விழா நாளில் கால்வாய் இரு கரையும் காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. பலகையில் வரைந்திருந்தது ருவாக் ருவாக். மற்றதன் படம் கிடைக்கவில்லையாம்.

எல்லோரும் தேநீருக்குப் போன பிறகு மச்சான் மோட்டாரில் வந்தார். பலகையை ரொம்ப நேரம் பார்த்தார்.

“லைசென்சு வச்சிப் புடிச்சா குத்தம். இவனுங்க மருந்தடிச்சா புகலிடமாம்லா. இனிமே நான் எங்க போறது?”

“டாக்டர்கிட்ட வந்து சொல்லிடுங்க மச்சான், அது உங்க ஸ்பீக்கர்தான்னு. பலகையத் தூக்கினாலும் தூக்குவாங்க.”

“நல்லா சொல்ற. லைசென்சுல ஸ்பீக்கர்னு எங்க போட்டிருக்கு? வாயத் தொறந்தா அதையும் புடுங்கிடுவான்.”

இடம் போய்விட்டது, லைசென்சாவது மிஞ்சட்டும் என்று முடிவு செய்துவிட்டார். மோட்டாரை உதைத்துக் கிளப்பியவர், என்ன தோன்றியதோ, அணைத்தார்.

“இன்னொண்ணு மாப்ளே. அன்னிக்கு ஸ்பீக்கர எடுக்கப் போனா, செத்துக் கிடந்துச்சு. முதல் நாள் சார்ஜ் போட மறந்துட்டேன். எப்போ செத்துச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. நீங்க வர்றதுக்கு முன்னாடியே செத்திருந்தா?”

இதை டாக்டரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கட்டிப்பிடித்துக்கொள்வார்.

பதிவில் இருந்த வரியை அடிக்கவில்லை. அதன் பக்கத்தில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்: அன்று காலை கூவியது ஸ்பீக்கரா கோழியா என்பது உறுதி செய்யப்படவில்லை. போய்க் காத்திருந்து கேட்கலாம்தான். புல் இன்னும் முளைக்கவில்லை.