எங்கள் சங்கத்துக் கயிறும் ரே அங்கிளின் தெருவும்

ரே அங்கிள் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் 401 நெடுஞ்சாலையில் லொறியோடு நெரிசலில் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய மகள் டெனிஸ்தான் ரெலிபோன் எடுத்துச் சொன்னாள். ஓரமாக நிறுத்த வழியில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் வாகனங்கள். துக்கம் வந்தால் ஒதுங்கி நிற்க இடமில்லாத வீதி அது என்பதை, இத்தனை வருடம் அதில் ஓடியும், அன்றுதான் கவனித்தேன்.

எங்கள் ஊர்ச்சங்க ஒன்றுகூடலுக்கு வருகிற பலருக்கு அவரைத் தெரியும். வெள்ளைத் தொப்பியோடு வந்து, ஒடியல் கூழை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்த உயரமான கறுப்பினப் பெரியவர். ரொறன்ரோவின் ஸ்காபரோ பக்கம், டோர்செட் பார்க்கில் எங்களுக்கு எதிர்க் கதவு. என் முழுப் பெயர் அவர் வாயில் நுழையவில்லை; சிவா என்று சுருக்கிவிட்டார். சங்கத்தின் ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொல்லிச் செயலாளர் கேட்டபோது, பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்கு நான் வாங்கிய புள்ளிகளை நினைவுபடுத்தினேன். "அதை ஆர் கேட்டது, நீங்கள் எழுதுங்கோ" என்றார். ரே அங்கிள் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். அவரை யாழ்ப்பாணத்தார்போலப் பேசவைத்ததற்கு டெனிஸ் மன்னிக்க வேண்டும்.

ஒருநாள் அவரைக் கண் வைத்தியரிடம் ஏற்றிக்கொண்டு போனேன். படிப்பில் பெருமையடிக்க ஒன்றும் இல்லாதவன் வேறு எதிலாவது பெருமையடிக்கத்தானே வேண்டும். இந்த நாட்டு நெடுஞ்சாலைகள் எனக்கு உள்ளங்கைபோல என்று அளந்துகொண்டே போனேன். அவர் வீதியைப் பார்த்தபடியே கேட்டார்:

"றோட்டுக்குக் கீழை ஆருடைய குசினி இருந்ததெண்டு எப்பவாவது யோசிச்சிருக்கிறியே, சிவா?"

இங்கே தோட்டம்தான் இருந்திருக்கும் என்றேன். இங்கே அப்படியிருக்கலாம், நான் சொல்வது எங்கள் றோட்டை என்றார். அவர் பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், ஓர் அமெரிக்க நகரத்தில். கறுப்பின மக்களுக்கு வேறு இடத்தில் வீடு விற்கமாட்டார்கள் என்பதால் தையற்காரர், வைத்தியர், போதகர் எல்லோரும் அந்த ஒரு பகுதியிலேயே நெருங்கி இருந்தார்கள். நெடுஞ்சாலை போட வழி பார்த்தவர்கள் அதற்கு நடுவால் கோடு கீறினார்கள். அவருடைய தெரு முழுவதும் போனது. சனம் திசைக்கொன்றாகச் சிதறியது. இளைஞனாக வேலை தேடி ரொறன்ரோ வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். அவர் அம்மா அப்பம் சுட்ட அடுப்படி, வலப்பக்க லேனுக்குக் கீழே எங்கேயோ இருக்கிறதாம்.

பிறகு நல்ல செய்தி ஒன்று வந்தது. பள்ளத்தில் ஓடும் அந்த நெடுஞ்சாலையை மேலே கூரைபோல மூடி, கிடைக்கிற நிலத்தில் வீடும் பூங்காவும் அமைத்து, அன்று செய்த அநியாயத்தைத் திருத்தப்போவதாக அந்த நகரத்தில் அறிவித்தார்கள். நிலத்தில் என்ன வரவேண்டும் என்று தீர்மானிக்க ஊர்மக்களைக் கூட்டினார்கள். ரே அங்கிள் கோட் சூட்டோடு பஸ்ஸேறிப் போனார். வாசலில் இருந்தவர்கள் விலாசம் கேட்டார்கள். ஸ்காபரோ விலாசத்தைச் சொன்னதும், அந்தப் பகுதியில் இப்போது குடியிருப்பவர்கள்தான் பேசலாம் என்று மரியாதையாகச் சொல்லி, பின்வரிசையில் விருந்தினர் கதிரை கொடுத்தார்கள்.

திரும்பி வந்தவர் எங்கள் வீட்டுச் சோபாவில் சப்பாத்தைக் கழற்றாமலே இருந்தார். "றோட்டைப் போடேக்கையும் எங்களைக் கேக்கேல்லை. மூடேக்கையும் கேக்காமல் விட்டால் அதுக்குப் பேர் திருத்திறது இல்லை" என்றார். அவர் கோபமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அவரை எப்படித் தேற்றுவதென்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது சாப்பாடு கொடுப்பதுதான் என் வழக்கம். அந்தச் சனிக்கிழமை எங்கள் ஒன்றுகூடலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கூழுக்குப் பிறகு, ஊர்ப்பெயர் போட்ட ரீசேட்டோடு தேசிக்காயைக் கரண்டியில் ஏந்தி ஓடிய என் மகள் துளசியைக் கூப்பிட்டு, அந்த ஊரைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். "நோ அங்கிள், பட் ஐ'ம் ஃப்ரம் தெயர்" என்றாள் அவள், தேசிக்காயில் கண் வைத்தபடி.

அவர் என் பக்கம் திரும்பினார். இப்போது அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றார். ஊரில் பெரும்பங்கு இன்னும் இராணுவத்தின் வேலிக்குள்ளே, அவர்கள் விடுவித்த காணிகளிலும் ஒரு சில குடும்பங்கள்தான் என்றேன்.

"அப்ப உங்களுக்குத் தலைவர் இருக்கிறாரோ?"

"தலைவர், செயலாளர், பொருளாளர். ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்காத பழைய தலைவர்மார் ரெண்டு பேரும் இருக்கினம்."

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதை எப்பிடிச் செய்யிறியள் எண்டு எனக்குக் காட்டு" என்றார்.

அடுத்த கோடையில் அவருடைய தெருவின் முதல் ஒன்றுகூடல், அந்த நெடுஞ்சாலை ஓரத்துப் பூங்காவில் நடந்தது. ஆட்களைத் தேடிப் பிடித்தது அவரும் டெனிஸும். சங்கம் தந்தது கூடாரம், கூழ் காய்ச்சும் பெரிய கிடாரம், கயிறிழுக்கும் கயிறு, அதோடு என்னையும். எல்லையில் அதிகாரி எங்கள் வான் வண்டியைத் திறந்து பார்த்து, இவ்வளவு பெரிய கயிறு எதற்கு என்றார். ஒரு தெருவின் பிக்னிக்குக்கு என்றேன். எந்தத் தெரு என்றார். அது இப்போது இல்லை என்றேன். எங்களை ஓரமாக நிறுத்தச் சொல்லி, கூடாரக் குழாய்களைக்கூட விரித்துப் பார்த்தார்கள். பக்கத்துச் சீற்றில் ரே அங்கிளுக்குத் தோள் குலுங்கக் குலுங்கச் சிரிப்பு.

நான் எங்கள் வழக்கப்படியே போட்டிகளை ஒழுங்கு செய்திருந்தேன். ஐந்து வயதுக்குட்பட்டோர் ஓட்டம், சங்கீதக் கதிரை, கயிறிழுத்தல். வந்தவர்களோ எழுபதைத் தாண்டியவர்கள். பாதிப்பேர் கையில் ஊன்றுகோல். சங்கீதக் கதிரை என்றால் உட்கார்ந்தவரை யார் எழுப்புவது? கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நான் முழித்தேன். சக்கர நாற்காலியில் இருந்த ஓர் அம்மா, என்னால் இழுக்கமுடியாது மகனே, அதைக் கீழே போடு, பக்கத்திலாவது நிற்கிறோம் என்றார்.

ரே அங்கிள் கயிற்றை வாங்கிப் புல்லில் நேராகக் கிடத்தினார். "இதுதான் எங்கடை தெரு. வேதக்கோயில் அந்தத் தொங்கல்" என்றார், கயிற்றின் நுனியைக் காட்டி.

ஒருவர் வந்து கயிற்றோரம் நின்றார். இல்லை, உன் வீடு எங்கள் வீட்டுக்கு அப்பால், தள்ளி நில் என்றார் இன்னொருவர். தையற்கடை எந்த மூலை என்று பெரிய வழக்கே நடந்தது. மேசைக்கு விரிக்க என் மனைவி தந்துவிட்ட சேலையைக் கிழித்து, கயிற்றில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டு முடிந்து கட்டினேன். (பழைய சேலை என்றுதான் நினைத்தேன். இல்லையாம்.) சற்றுமுன் ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் கை குலுக்கியவர்கள், கயிற்றின் இரண்டு பக்கமும் அயலவராக நின்றார்கள். ரே அங்கிள் தன் வீட்டு முடிச்சில் நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

நகரத்தில் அந்தக் கூட்டத்தை நடத்திய பெண் அதிகாரியையும் ரே அங்கிள் அழைத்திருந்தார். அந்த அதிகாரி அம்மா வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் பார்த்தார். ரே அங்கிள் சொன்னது இவ்வளவுதான்: "தெருவாலை நடந்து வாங்கோ. ஒவ்வொரு வீட்டிலையும் கேளுங்கோ." அந்த அம்மா உண்மையிலேயே நடந்தார். தொங்கலுக்கு வந்து சேர வெயில் சாய்ந்துவிட்டது.

மாரிகாலத்தில் அந்த நகரத்திலிருந்து அறிவித்தல் வந்தது. அங்கிருந்து போனவர்களும், எங்கே பிறந்திருந்தாலும் அவர்களுடைய பிள்ளைகளும், தீர்மானிக்கிற குழுவில் இருக்கலாம். முதல் கூட்டத்துக்கு நான்தான் அவரை ஏற்றிக்கொண்டு போனேன். விருந்தினர் கதிரை இருந்த பக்கமே திரும்பாமல் நடந்துபோய் முன்மேசையில் இருந்தார். என்ன பேசினீர்கள் என்று வரும்போது கேட்டேன். மரம் எந்தப் பக்கம் நடுவது என்று சண்டை பிடித்தாராம். நல்லாயிருந்தது என்றார்.

அந்த நெடுஞ்சாலை இன்னும் கூரையிட்டு மூடப்படவில்லை. அவர் அதைக் காணவில்லை. அவருடைய கதிரையில் இப்போது டெனிஸ் இருக்கிறாள்.

சங்கப் பொருளாளர் கயிற்றை மூன்று தரம் கேட்டுவிட்டார். புதுக்கயிறு வாங்கிக் கொடுத்துவிட்டேன். இந்த வருடம் அதில் இழுங்கோ. பழையது சேலைத் துண்டுகளோடு என் வானில் கிடக்கிறது. மூடி முடிந்து, மேலே கிடைக்கும் நிலத்தில் வீடுகளுக்கு இடம் அளக்கும் நாளில் கொண்டுவருவதாக டெனிஸிடம் சொல்லியிருக்கிறேன். எல்லையில் திரும்பவும் கேட்பார்கள். இது தெரு, கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன் என்பேன்.