வெள்ளை டேப்

அந்த முள் எழுந்து நின்ற மத்தியானம் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி ராஜபாளையம் ரோட்டில் வேன் போய்க்கொண்டிருந்தது. உள்ளே பதினான்கு பெண்கள். எல்லோரும் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்கு இரண்டாம் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள். இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் அதுவரை நடுவில் சாதுவாக நின்றிருந்தது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் சட்டென்று சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. பதறிப்போய் ஓரங்கட்டி, சீட்டுக்குப் பக்கத்து இன்ஜின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். புகையும் இல்லை, கொதிப்பும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தால் முள் ஒன்றும் தெரியாத பிள்ளை போல நடுவில் நின்றது.

எனக்குச் சும்மாவே ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாது. டீ ஆறும்வரை கூடக் காத்திருக்கத் தெரியாமல் நாக்கைச் சுட்டுக்கொள்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன் கண்முன்னே ஒரு முள் நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆவான்? ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு முள்ளையே பார்த்து ஓட்டினேன். அது ஏறும்போதெல்லாம் நிறுத்தினேன். நிறுத்தினால் மில்லுக்கு லேட். அந்த மாதம் மூன்று தடவை லேட். ஷிப்டு ஆட்களுக்கு வருகை போடுகிற டைம் ஆபீஸ்காரர் என்னைக் கூப்பிட்டு, இன்னும் ஒரு நாள் பிந்தினால் இந்த டிரிப்பை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவோம் என்று தன்மையாகத்தான் சொன்னார். தன்மையாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது. பத்து வருஷம் பார்த்த பைப் வேலையை விட்டுவிட்டு, அந்த ஒரு டிரிப்பை நம்பி வாங்கிய வேன் அது. டிரிப் போனால் வண்டியும் போகும், நான் மறுபடி ரெஞ்சைத் தூக்க வேண்டியதுதான்.

ஸ்டாண்டில் கேட்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ரேடியேட்டர் மூடியை மாற்று என்றார் ஒருவர், மாற்றினேன். உள்ளே இருக்கிற வால்வைக் கழற்றி எறி, நம்ம ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்றார் இன்னொருவர், எறிந்தேன். மூன்றாமவர், வயரைப் பிடுங்கிவிடு, முள்ளே இல்லாவிட்டால் கவலையும் இல்லை என்றார். அதை மட்டும் செய்யவில்லை. ஒரு நாள் காலையில், ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்து கிடந்த வண்டியில் சாவியைத் திருப்புகிறேன், முள் நேரே சிவப்புக்குப் போகிறது. அப்போதுதான் எனக்கே உறைத்தது. காய்ச்சல் வண்டிக்கு இல்லை, தெர்மாமீட்டருக்கு. இன்ஜினில் தண்ணீர் ஓடுகிற இடத்தில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பித்தளைச் சாமான் திருகியிருக்கும். சென்சார் என்பார்கள். அது கெட்டிருந்தது.

அதை மாற்றுவதற்கு என் குடும்பத்திலேயே ஆள் இருந்தார். என் சகலை, அதாவது என் மனைவியின் அக்கா புருஷன். ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் கடை வைத்திருந்தார். மதுரையில் பார்த்து முடியாத வண்டிகூட அவரிடம் வரும் என்பார்கள். ஆனால் எனக்கும் அவருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. வேனை வாங்கிய ஜோரில் மாமனார் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அங்கே வந்திருந்த சகலை சுற்றிவந்து பார்த்துவிட்டு, இதை யாரிடம் காட்டி வாங்கினீர்கள் என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது. மாமனார் வீட்டில் இரண்டு மருமகன்கள் இருந்தால் ஒரே தராசின் இரண்டு தட்டு மாதிரி, ஒன்று ஏறினால் ஒன்று இறங்கித்தான் ஆகவேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம்.

என் மனைவி அவரிடம் போகச் சொன்னாள். போகவில்லை. ராஜபாளையத்தில் ஸ்பேர்ஸ் கடையில் புதுச் சென்சார் ஒன்றை வாங்கிவந்து, வீட்டு வாசலிலேயே வேலையை ஆரம்பித்தேன். கீழே இருக்கிற ரப்பர்க் குழாயைக் கழற்றித் தண்ணீரை இறக்கி, பழையதைத் திருகி எடுத்தேன். புதியதை மாட்டப் போகும்போது பைப் வேலைக்காரனின் கை சும்மா இருக்குமா? பைப்பில் திருகி மாட்டுகிற மரை என்று ஒன்றைக் கண்டால் ஒழுகாமல் இருக்க வெள்ளை டேப் சுற்றுவதுதான் எங்கள் வழக்கம். சென்சாரின் மரையிலும் ஏழு சுற்றுச் சுற்றி இறுக்கினேன். குழாயை மாட்டி, தண்ணீர் ஊற்றி, வண்டியை எடுத்தால் முள் அடியில் படுத்துவிட்டது. பள்ளத்தில் விழுந்தாலும் எழவில்லை, பாலம் ஏறினாலும் எழவில்லை. நான்கு நாள் ராஜா மாதிரி ஓட்டினேன்.

சகலையின் மனைவியும் அதே மில்லில்தான் வேலை பார்த்தார். எனக்கு மதினி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறி முன்சீட்டில் உட்காருவார். புருஷன்மார் பேசாவிட்டாலும் அக்காளும் தங்கையும் பேசிக்கொள்வார்கள், மதினியும் என்னிடம் எப்போதும் போலத்தான். டேப்பை ஏழு சுற்றுச் சுற்றியதுவரை அவரிடம் என் கைவேலையைப் பெருமையடித்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் மத்தியானம் மதினியோடு சகலையும் வந்து நின்றார். வாங்க என்றும் நான் சொல்லவில்லை, வரட்டுமா என்றும் அவர் கேட்கவில்லை. மதினியைப் பின்னால் அனுப்பிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, இன்ஜின் மூடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். டேப் சுற்றிய கதையையும், முள் அசையவே இல்லை என்பதையும் மதினி வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். அசையாத முள்ளைக் கேட்டுத்தான் அவருக்குத் தூக்கம் போயிருக்கிறது.

ஊரைத் தாண்டி ஐந்து கிலோமீட்டர் போயிருப்போம். கையை மூடியிலிருந்து எடுத்தார்.

"செத்த நேரம் நிறுத்துங்க சகல."

நிறுத்த முடியாது, இன்னும் ஒரு தடவை லேட்டானால் என் பொழப்பே போயிரும் என்றேன். முள்ளைக் காட்டினேன். அது அடியில் படுத்துக் கிடந்தது.

"முள்ளு கெடக்கட்டும். மூடில கைய வைக்க முடியல. நிறுத்துங்க."

இரண்டு வருஷத்துக் கோபம் காலில் இறங்கி ஆக்சிலேட்டரை மிதித்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதை என்னை வைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். இன்னும் ஒரு கிலோமீட்டர் அப்படியே ஓட்டியிருப்பேன். காலுக்கடியில் வெந்த ரப்பர் வாடை வந்தது. வண்டி இழுக்க மறுத்தது. நிறுத்தி மூடியைத் தூக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது. பெண்கள் அலறிக்கொண்டு இறங்கினார்கள். நான் திரும்ப மாட்டிய ரப்பர்க் குழாயின் கிளிப் சரியாக இறுகவில்லை. நான்கு நாளாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் போயிருக்கிறது. இன்ஜின் கொதித்திருக்கிறது. முள் மட்டும் படுத்தே கிடந்திருக்கிறது.

சகலை ரோட்டின் நடுவில் போய் நின்று, ராஜபாளையம் போகிற பஸ்ஸை இரண்டு கையையும் விரித்து நிறுத்தினார். கண்டக்டர் சத்தம் போட்டார். இவர் கேட்டுக்கொண்டே பதினான்கு பேரையும் ஏற்றிவிட்டு, தானும் ஏறிப் போய்விட்டார். நான் வேனைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், புளியமரத்து நிழலுக்குப் போனேன், திரும்ப வெயிலுக்கு வந்தேன். அவர் எதற்கு மில்லுக்குப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. என்னைப் பற்றிச் சொல்லப் போகிறார். தெரியாத வேலையில் கையை வைத்துப் பொம்பளைகளைச் சாகக் கொடுக்கப் பார்த்தான் என்பார். சொன்னால் பொய்யும் இல்லை. அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் நான் மனசுக்குள் அவரைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

எதிர்ப்பக்க பஸ்ஸில் ஒரு கேன் தண்ணீரோடு வந்து இறங்கினார். இன்ஜின் ஆறியதா என்று தொட்டுப் பார்த்துக் கிளிப்பை இறுக்கினார், நிதானமாகத் தண்ணீர் ஊற்றினார், ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். வண்டி கொஞ்சம் சூடேறியதும் ஒரு முழ வயரை எடுத்து, ஒரு முனையைச் சென்சாரின் உடம்பிலும் மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் வைத்தார். நான்கு நாளாகச் செத்துக் கிடந்த முள் எழுந்து நடுவுக்கு வந்தது. வயரை எடுத்தார், படுத்தது. வைத்தார், எழுந்தது. பிறகு ஸ்க்ரூ டிரைவர் நுனியால் மரையிலிருந்து வெள்ளையாக ஒரு இழையை இழுத்துக் காட்டினார்.

"இது பைப்பு இல்ல சகல. இதுக்கு ஒரு வயர்தான். கரண்டு திரும்பிப் போற வழி இந்த மரைதான். அதத்தான் அடைச்சி வச்சிருக்கீங்க."

சாயங்காலம் அவர் கடையில் வைத்து அதைக் கழற்றினார். பக்கத்து டீக்கடையில் ஒரு கிளாஸ் கொதிதண்ணீர் வாங்கி, சென்சாரின் நுனியை முக்கி, சூடு ஏற ஏற மீட்டரில் எண்கள் சீராக இறங்குகிற அழகைப் பார்த்தார். பழையதையும் முக்கினார், அது தாறுமாறாகக் குதித்தது. புதியது நல்ல சாமான்தான் என்று சொல்லி, டேப் இல்லாமல், கூடவே வந்த செம்பு வாஷரோடு மாட்டிக் கொடுத்தார்.

மறுநாள் மதினி சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. பத்து நிமிஷம் பிந்திப் போனவர்களை டைம் ஆபீஸில் நிறுத்தியபோது சகலை உள்ளே போயிருக்கிறார். வண்டிக்காரர் மேல் தப்பில்லை, சென்சாரை மாட்டியது நான், மரையில் டேப் சுற்றிவிட்டேன், என் தப்பு என்று சொல்லியிருக்கிறார். மெக்கானிக் தப்புக்கு வண்டிக்காரரை என்ன செய்வது என்று டிரிப்பை எனக்கே விட்டுவிட்டார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நேரே கடைக்குப் போய், ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று சண்டைக்காரன் மாதிரியே கேட்டேன்.

"எனக்கு வேற வண்டி வரும் சகல. உங்களுக்கு இந்த ஒரு டிரிப்புதான."

ஆனால் வரவில்லை. மில்லுக்கு வருகிற லாரிக்காரர்களும் வேன்காரர்களும் வாய் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? சென்சாருக்கு டேப் சுற்றிய எலக்ட்ரீசியன் என்ற கதை ராஜபாளையம் முழுக்கச் சுற்றியது. டேப்புக்காரர் என்றே பேராயிற்று. வயர் வேலைக்கு வந்தவர்கள் வேறு கடை பார்த்தார்கள். ஒரு தடவை, நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். உங்க டிரிப்பு போயிரும், விடுங்க என்றார். நானும் விட்டுவிட்டேன். அவர் விடச் சொன்னதால் விடவில்லை, எனக்கு அது வசதியாக இருந்ததால் விட்டேன். சில வருஷத்தில் கடையைக் காலிசெய்துவிட்டு மகள் வீட்டோடு திருப்பூர் போய்விட்டார்கள். என்னிடம் இப்போது மூன்று வேன்கள் ஓடுகின்றன. அவர் போனில் பேசினால் முதலில் கேட்பது வண்டிகளைப் பற்றித்தான். நான் எழுந்து நடந்துகொண்டேதான் பதில் சொல்வேன்.

போன வாரம் ராஜபாளையத்தில் அதே ஸ்பேர்ஸ் கடைக்குப் போயிருந்தேன். ஒரு டிரைவர் சென்சார் வாங்கிக்கொண்டிருந்தார். கடைக்காரர் அவரிடம், டேப்பு கீப்பு சுத்திராதீங்க, முன்ன ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு எலக்ட்ரீசியன் என்று ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னார். டிரைவர் சிரித்தார். பழக்கதோஷத்தில் நானும் சிரித்துவிட்டேன். சாமானை வாங்கிக்கொண்டு வண்டிவரை போனவனுக்கு ஏறி உட்கார முடியவில்லை. திரும்பி உள்ளே போனேன்.

"அந்த டேப்பைச் சுத்துனது அவர் இல்ல. நான்தான்."

கடைக்காரர் டிரைவரிடம் திரும்பி, "அவர் இவுகளுக்குச் சகலை. எம்புட்டு வருசம் ஆச்சு, இன்னும் சொந்தத்த விட்டுக்குடுக்காம பேசுதாக பாருங்க" என்றார்.

இல்லை, நிஜமாகவே நான்தான் என்றேன். இதுதான் பெரிய மனசு என்று சொல்லி, எனக்கு ஒரு டீ வரவழைத்தார். அதைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.