நசீர் நானாவுக்கு விழுந்த லொத்தர்

லொத்தர் விழுந்த அன்றைக்கு இறால் பண்ணையில் இருந்தவர்கள் மூன்று பேர். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து வெளியேறி வந்து கரைத்தீவில் குடியிருந்த நசீர் நானா, முந்தலைச் சேர்ந்த லூயிஸ் அண்ணன், பிறகு நான். ஒரு நாயும் நின்றது. சோற்றுப் பார்சலை யார் பிரிக்கிறாரோ அவருடைய நாய் அது. வேறு ஒருவரும் இல்லை. இதை ஏன் இவ்வளவு திட்டமாகச் சொல்கிறேன் என்றால், யாராவது ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்ற பயம் எனக்கு இன்றைக்கும் உண்டு. எதைப் பற்றி விசாரிக்கப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள். அது தெரிந்தால் பாதி நிம்மதியாக இருந்திருப்பேன்.

நேற்று முந்தலில் பஸ்ஸுக்காக நின்றேன். பக்கத்துக் கடை வாசலில் இறால் தீன் மூட்டை ஒன்று கிழிந்து கொட்டிக் கிடந்தது. அரைத்த கருவாட்டையும் நனைந்த மாவையும் ஒன்றாகக் கட்டிவைத்த மாதிரி ஒரு வாடை அது. கையில் பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் போகாது. அந்த வாடை மூக்கில் ஏறிய நேரம் பார்த்து, குடைக்குக் கீழே லொத்தர்ச் சீட்டு விற்கிற பெண், "நானா, இண்டைக்குச் சீட்டு இழுக்குது, ஒண்டு எடுங்க" என்றாள். இங்கே முஸ்லிம் ஆண்களை அண்ணன் என்பதற்கு நானா என்றுதான் கூப்பிடுவார்கள். என் கை சட்டைப் பையிலிருந்த அடையாள அட்டையைத் தடவிப் பார்த்தது. சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடிகளில் பழகிய கை. சாவடிகள் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது, கைக்கு அந்தச் செய்தியை இன்னும் யாரும் சொல்லவில்லை.

அந்த அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள்தான் நசீர் நானாவின் சீட்டு மூன்று நாள் கிடந்தது.

நான் எத்தாளை ஊர்க்காரன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சண்டை முடிந்து ஒன்றிரண்டு வருடத்தில் முந்தலுக்குப் பக்கத்தில் ஒரு இறால் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தேன். குளத்துக்குத் தீன் போடுவது, தண்ணீரை அடித்துக் காற்றூட்டும் சக்கரங்கள் சுற்றுகின்றனவா என்று பார்ப்பது, இவைதான் வேலை. என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. சக்கரம் நின்றால் இறால் மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து சத்தம் நின்றுவிட்டதோ என்று சாப்பாட்டின் நடுவிலும் எழுந்து ஓடுவேன். "மல்லி, இறாலுக்கு உன்னப் பாத்துத்தான் மூச்சு முட்டுது" என்பார் லூயிஸ் அண்ணன், தம்பி என்பதைச் சிங்களத்தில் சொல்லி.

லூயிஸ் அண்ணன் வாரம் தவறாமல் லொத்தர் எடுப்பவர். சைக்கிளில் மரப்பெட்டி கட்டி ஒருவன் பண்ணை வாசலுக்கு வருவான். எடுத்த கையோடு தேத்தண்ணி நேரத்தில் ஒரு விளையாட்டு நடக்கும். விழுந்தால் என்ன செய்வாய்? லூயிஸ் அண்ணன் எஞ்சின் போட்ட வள்ளம் வாங்குவார், அதில் வேறு ஆளை அனுப்பிவிட்டுத் தான் ஒரு மாதம் படுத்துத் தூங்குவார். என் முறை வரும்போது என்னால் சந்தோஷமாக ஒன்றும் சொல்ல முடியாது. காசை எங்கே வைப்பது, வங்கி படுத்துவிட்டால் என்ன செய்வது, கடத்திக்கொண்டு போனால் யார் வந்து மீட்பது என்று யோசனை ஓடும். "மல்லிக்கு விழுந்தா முதல்ல பூட்டுத்தான் வாங்குவான்" என்று அவர் சிரிப்பார். உண்மையில் நான் எந்தக் கடைப் பூட்டு என்பதுவரை முடிவு செய்திருந்தேன்.

நசீர் நானா அந்த விளையாட்டில் சேரமாட்டார். லொத்தர் சூது, சூது ஹராம். எனக்கும் அது தெரியும், ஆனால் நான் வாயால் விளையாடுவதோடு சரி. நானாவோ அவருடைய குடியேற்றத்துப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர். ஐந்து நேரமும் குளத்து வரப்பிலேயே சாக்கு விரித்துத் தொழுகிறவர். நாங்கள் வள்ளமும் பூட்டும் வாங்கிக்கொண்டிருக்கையில் அவர் தீன் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருப்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் முதுகைத் திருப்பியபடியே சொன்னார்: "ரெண்டு அறை. ஒரு குசினி. மேலுக்கு ஓடு. அவ்வளவுந்தான்."

அவர் வீட்டைச் சொல்கிறார் என்று எங்களுக்கு விளங்க நேரமெடுத்தது. அவர் மகள் ரிஸ்னாவுக்குச் சம்பந்தம் பேசியிருந்தார்கள். எங்கள் ஆட்களிடம் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம். மாப்பிள்ளை நல்ல பையன், அவனுடைய வாப்பா பள்ளிவாசல் தலைவர். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் வீடு முடிந்தால் நிக்காஹ், இல்லையென்றால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். நானா இருந்ததோ அகதியாக வந்தபோது போட்ட ஓலைக் கொட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தகரமாக்கிய வீட்டில்.

அந்த வாரம் சைக்கிள்காரன் வந்தபோது நானா லூயிஸ் அண்ணனின் கையில் காசை வைத்தார். "எனக்கும் ஒண்டு எடு. நான் தொட மாட்டேன்." தொடாத சீட்டை எங்கே வைப்பது? வீட்டுக்குக் கொண்டுபோனால் மனைவி காண்பாள். பையில் வைத்துக்கொண்டு தொழ முடியாது. "தம்பி, நீ பயந்தவன். துலைக்க மாட்டாய்" என்று என்னிடம் தரச் சொன்னார். என் பயத்தை ஒருவர் தகுதியாக எடுத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாம் நாள் காலை லூயிஸ் அண்ணன் பேப்பரோடு வந்தார். தன் சீட்டைப் பார்த்துக் கசக்கி எறிந்தார். "நானாட தர்மச் சீட்ட எடு பாப்பம்" என்றார். எடுத்தேன். அவர் ஒரு தடவை பார்த்தார், பேப்பரைத் திருப்பிப் பிடித்து மறுபடியும் பார்த்தார், பிறகு என்னிடம் தந்து, "மல்லி, நீ வாசி, எனக்குக் கண் சரியில்ல" என்றார். இருபது லட்சம்.

நசீர் நானா தீன் மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷம் முகத்துக்கு வரத்தான் பார்த்தது. அதற்கு முன் வேறொன்று வந்தது. "யாருக்கிட்டயும் சொன்னீங்களா?"

"இப்பதானே பாத்தம் நானா."

"பேப்பர்ல போட்டோ போடுவானே. சந்தியில பெனர் கட்டுவானே. சம்மந்தி பாத்தா?"

அதுதான் சிக்கல். காசு இல்லாவிட்டால் வீடு இல்லை, வீடு இல்லாவிட்டால் கலியாணம் இல்லை. காசு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தாலும் கலியாணம் இல்லை. லொத்தர்க் காசில் கட்டிய வீட்டுக்குள் பள்ளிவாசல் தலைவரின் மகன் கால் வைப்பானா?

முடிவை எடுத்தது நானாதான். லூயிஸ் அண்ணன் கொழும்புக்குப் போய்த் தன் பெயரில் காசை எடுக்க வேண்டும். இரண்டு லட்சம் அவருக்கு. மீதிப் பதினெட்டும் அவர் கணக்கிலேயே கிடக்கட்டும், கேட்கிற நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தரட்டும். "லொத்தர் விழுந்த லூயிஸ்கிட்ட கடன் வாங்கி வீடு கட்டுறன் எண்டு சொல்லிக்கிறன்." லூயிஸ் அண்ணன் ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார். நானா இரண்டு கையையும் விரித்துத் தடுத்தார். "எழுதாத. பாவத்துக்குப் பத்திரம் என்னத்துக்கு?" லூயிஸ் அண்ணன் கழுத்துச் சிலுவையைப் பிடித்து மாதாவின் மேல் சத்தியம் செய்தார். உங்களுக்கு நிச்சயமாகச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் அவர் மனதில் ஒரு சதக் களவும் இருக்கவில்லை.

பெனர் கட்டினார்கள், வெடி கொளுத்தினார்கள். பெரிய அட்டைக் காசோலையைப் பிடித்தபடி லூயிஸ் அண்ணன் சந்தியில் சிரித்துக்கொண்டிருந்தார். முதல் வாரமே நாலு லட்சம் நானாவிடம் வந்தது. அத்திவாரம் போட்டார்கள். ஊரெல்லாம் லூயிஸின் மனதைப் புகழ்ந்தது. வேதக்காரனாக இருந்தும் நம் பிள்ளைக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்திருக்கிறானே என்றார்கள்.

பிறகு லூயிஸ் அண்ணனின் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சிலாபத்திலிருந்து அக்கா வந்தாள், மகனை இத்தாலிக்கு அனுப்ப வேண்டுமாம். திருநாளுக்கு இந்த வருடம் லூயிஸ் குடும்பம்தான் செலவு என்று மாதா கோயிலில் முடிவாகிவிட்டிருந்தது, அவருக்குக் கடைசியாகத்தான் சொன்னார்கள். அவருடைய மனைவி மேரி அக்கா கருவாடு காயவைக்கும் வாடியில் மீன் வெட்டப் போவதை நிறுத்திவிட்டாள். இருபது வருடம் வெட்டியவள். புருஷன் லட்சாதிபதி ஆன பிறகும் ஏன் வெட்ட வேண்டும்? அவளுக்கும் அவர் சொல்லவில்லை. யாருக்கும் சொல்ல மாட்டேன் என்பது சத்தியத்தின் பாதி. காசைத் தருவேன் என்பது மறு பாதி. முதல் பாதியைக் காப்பாற்றக் காப்பாற்ற இரண்டாம் பாதி கரைந்துகொண்டே போனது.

நோன்பு முடிவதற்குள் ஐம்பதாயிரம் ஐம்பதாயிரமாக இன்னொரு ஒன்றரை லட்சம் வந்தது. சுவர் கதவு நிலைக்கு மேல் ஏறியது. அதோடு நின்றது.

நானா போய்க் கேட்க முடியாது. கடன்காரன் மேலும் கடன் கேட்டு நச்சரிக்கிறான் என்று மேரி அக்கா ஏற்கெனவே முகத்தைத் திருப்பத் தொடங்கியிருந்தாள். என்னை அனுப்பினார். போனேன். லூயிஸ் அண்ணன் பின்பக்கத்தில் பழைய வலையொன்றை மடியில் போட்டுக்கொண்டு சும்மா இருந்தார். பண்ணை வேலையை அதற்கு முன்பே விட்டிருந்தார். லொத்தர் விழுந்தவன் தீன் மூட்டை தூக்கினால் ஊர் சிரிக்குமாம்.

"இத்தாலிக்குப் போன பொடியனப் பாதி வழியில புடிச்சித் திருப்பி அனுப்பிட்டாங்க மல்லி. எட்டு லட்சம்."

"அது நானாட காசு அண்ணன்."

"எனக்குத் தெரியாதா? அக்கா கால்ல விழுந்தா. எனக்கு லொத்தர் விழேல்ல எண்டு நான் யாருக்குப் போய்ச் சொல்ல? சந்தியில எண்ட மூஞ்சி தொங்குது."

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. சம்பந்தி வீட்டார் மரியாதையான மனிதர்கள், சத்தம் போடவில்லை. ஒரு தட்டில் தொதல் இனிப்புக் கொண்டு வந்து வைத்து, பிள்ளைக்கு அல்லாஹ் நல்ல இடமாகக் கொடுப்பான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ரிஸ்னா தொதலை அயல் பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுத்ததை நான் பார்த்தேன். தனக்கென்று ஒரு துண்டும் எடுக்கவில்லை. அடுத்த வருடம் வீட்டை முடிக்கவென்று குவைத்துக்கு வேலைக்குப் போனாள். வாப்பாவின் கடனையும் அடைக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னாள். "லூயிஸ் மாமாட காச வச்சிக்கிட்டு ஈக்க ஏலாதே நானா." நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? வாயைத் திறந்தால் அவளுடைய வாப்பா ஊரில் தலை நிமிர முடியாது.

நசீர் நானா அதன் பிறகு மூன்று வருடம் இருந்தார். வெண்புள்ளி நோய் வந்து குளமெல்லாம் இறால் மிதந்த வருடம் நெஞ்சு வலியில் மௌத்தானார். இது தனக்கு வந்த தண்டனை என்று அவர் கடைசி வரை நம்பினார். எனக்கு அந்தக் கணக்கெல்லாம் விளங்குவதில்லை. ஒரு சீட்டுக்கு இவ்வளவா?

ஜனாஸாவுக்கு லூயிஸ் அண்ணன் வந்திருந்தார். பள்ளிவாசல் மதிலுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தொழுகைக்கு முன் நானாவின் தம்பி முன்னால் வந்து, வழக்கப்படி அறிவித்தார்: மௌத்தானவர் யாருக்காவது கடன் கொடுக்க வேண்டியிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு.

அத்தனை தலையும் மதில் பக்கம் திரும்பியது.

தம்பியே வெளியே போய் அவர் கையைப் பிடித்தார். "அண்ணன், அஞ்சரை லட்சம் எண்டு எங்களுக்குத் தெரியும். புள்ள குவைத்துலேருந்து அனுப்புவா. கொஞ்சம் தவண தாங்க."

லூயிஸ் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். "இல்ல," என்றார். "அவர் எனக்கு ஒண்டும் தரத் தேவயில்ல." மேலே எதுவோ சொல்ல வந்தார். அதற்குள் கூட்டம் அல்ஹம்துலில்லாஹ் என்றது. கடனை மன்னித்துவிட்டான் என்று கண் கலங்கினார்கள். ஒரு பெரியவர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். தட்டத் தட்ட அவர் அழுதார். குர்ஆன் கத்தம் ஓதிய அன்று நானாவின் மனைவி ஒரு சஹன் தட்டுச் சோறு தனியாக எடுத்து, "அந்த நல்ல மனிசனுக்கு" என்று என் கையில் கொடுத்தனுப்பினாள். லூயிஸ் அண்ணன் அதைத் திறக்கவேயில்லை. மேரி அக்காதான் எடுத்து உள்ளே வைத்தாள்.

அதன் பிறகு எப்போதாவது என்னைச் சந்தியில் பிடித்து ஐயாயிரம், பத்தாயிரம் என்று சுருட்டித் தருவார். பண்ணையில் நானாவுக்கு வரவேண்டிய பழைய சம்பளம் என்று சொல்லி நான் அவர் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். எல்லாமாக எண்பதாயிரம் அப்படிப் போனது. மேரி அக்கா மறுபடியும் மீன் வெட்டப் போனாள். போன மாரிக்காலத்தில் லூயிஸ் அண்ணனும் கண்ணை மூடிவிட்டார்.

இப்போது பண்ணை இல்லை. குளங்கள் காய்ந்து உப்புப் பூத்துக் கிடக்கின்றன, சக்கரங்களை இரும்புக்கு விற்றுவிட்டார்கள். சைக்கிளில் பெட்டி கட்டி வருகிறவனும் இல்லை. கரைத்தீவில் நானாவின் அயலவர் பலர் மன்னாருக்கே திரும்பிவிட்டார்கள். ரிஸ்னா மூன்றாவது தடவையாகக் குவைத்தில். நானாவின் மனைவி அந்த அரைச் சுவருக்கு மேல் தகரம் போட்டு உள்ளே இருக்கிறாள். தனக்கு யாரும் எதுவும் தரவேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. மேரி அக்காவுக்கும் தெரியாது. கேட்க ஆளில்லை, கொடுக்க ஆளில்லை. ஆனாலும் அந்தப் பதினெட்டில் மீதிக் காசு கொடுபடவில்லை, பதினொரு லட்சத்து எழுபதினாயிரம் ரூபாய்.