புத்தகத்தில் ஏறிய அட்டை

அறுபட்ட புளியமரத்துக்கு ஒரு வாசனை உண்டு. பச்சையும் புளிப்புமாக, கொஞ்சம் ஈர மண்ணும் கலந்து. போன மாதம் கள்ளக்குறிச்சிக்கு வெளியே சாலையை அகலப்படுத்த மரங்களை அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஷேர் ஆட்டோவுக்குள் அந்த வாசனை நுழைந்ததுதான் தாமதம், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்திலிருந்த அம்மா கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்களில் எங்கள் சாலைகளின் வாசனையே இதுதான். மறியல் என்றால் முதலில் விழுவது புளியமரம். பஸ் இன்றைக்கு உண்டு, நாளைக்குத் தெரியாது. அப்படியொரு 'இன்றைக்கு உண்டு' நாளில், நூலகத்தில் தற்காலிக ஆளாக இருந்த என்னை, ஒரு பெட்டிப் புத்தகத்தோடு கல்வராயன் மலைக்கு அனுப்பினார் எங்கள் நூலகர். மலைமேல் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம்.

"ஒரு பீரியடுதான் குடுப்பாங்க. புத்தகத்த எப்படித் தேடறது, எப்படிப் பதிஞ்சுக்கினு எடுக்கறதுன்னு சொல்லிக்குடு. புரிஞ்சிருந்தா பெட்டிய அங்கயே வுட்டுட்டு வா. இல்லன்னா தூக்கிக்கினு வந்துடு. தலையாட்டறாங்களேன்னு மட்டும் நம்பிடாத" என்றார்.

மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பஸ்ஸில் வளைவுக்கு வளைவு பெட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மேகம் ஜன்னல் வழியாக ஏறி டிக்கெட் எடுக்காமல் இறங்கியது. அந்தப் பள்ளியில், பாடப்புத்தகம் தவிர அச்சடித்த தாள் என்றால் அது கடலை மடித்து வந்ததுதான். டீச்சர் அலமாரி ஒன்றைத் துடைத்து, பழைய காலண்டர் தாள் விரித்து, தயாராக வைத்திருந்தார். காலியான அந்த அலமாரியைப் பிள்ளைகள் விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேசினேன். ஐயோ, எப்படிப் பேசினேன். புத்தகத்தின் முதுகில் எண் இருக்கும், ஒரே விஷயத்தைப் பேசுகிற புத்தகங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், என்றேன். "ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளயும் ஒரு அட்டை இருக்கும்" என்றேன். குபீரென்று சிரிப்பு. "புத்தகத்த எடுக்கும்போது அட்டைய உருவி இந்தச் சின்னப் பெட்டியில போட்டுடணும்." இன்னும் பெரிய சிரிப்பு. சில பேர் காலைத் தூக்கி பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்கள். என் பேச்சுக்கு இத்தனை வரவேற்பா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அட்டை அட்டை என்று இன்னும் பத்துத் தடவை சொல்லியிருப்பேன்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்" என்றது கூரை அதிர ஒரே குரல்.

நூலகர் சொன்னது ஞாபகம் வந்தது. வேண்டுமென்றே ஒரு தப்பைச் சொன்னேன். "அப்ப, படிச்சு முடிச்சதும் புத்தகத்த ஆத்துல வுட்டுடலாம், சரியா?"

"சரிங்க சார்."

டீச்சரின் முகம் வாடியது. துடைத்த அலமாரியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்தேன். பேர் வேண்டாம், இப்போது தெரிந்தது ஒன்று, இன்னும் தெரியாதது ஒன்று, அவ்வளவுதான் எழுத வேண்டும். தாள்கள் வந்தன. முதல் தாளில்: 'புத்தகத்தையும் அட்டை கடிக்கும் என்று தெரிந்தது. உப்பு போட்டால் விடுமா என்று தெரியாது.'

அடுத்ததில்: 'பெட்டியில் போட்ட அட்டை ராத்திரி வெளியே வராதா?'

நான் கீழ்நாட்டு, சமவெளி ஆள். அட்டை என்றால் எனக்குக் காகிதம். மழை பெய்தால் காலில் ஏறி ரத்தம் குடிக்கிற அட்டை அவர்களுடையது. டீச்சர் தாளைப் படித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தி என்ன பிரயோஜனம், தோள் குலுங்குகிறதே. நானும் உட்கார்ந்து சிரித்தேன். முன்வரிசைப் பெண்ணொருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "அட்டையப் பிச்சு எடுக்கக் கூடாது சார். தானா விழணும். பிச்சா புண்ணாயிடும்" என்றாள், கண்டிப்பாக.

வெளியே, திரும்பிப் போகிற பஸ் ஹாரன் அடித்தது. நேரம் போய்விட்டது. இனி புது வார்த்தை தேடி ஓட முடியாது, அந்த அட்டையையே பிடித்துக்கொண்டேன்.

"இது காயிதத்துல செஞ்ச அட்டை. புத்தகத்துலதான் ஒட்டிக்கினு இருக்கும். புத்தகம் வெளிய கெளம்பினா, இது எறங்கிப் பெட்டியில உக்காந்துக்கும். யாரு எடுத்துக்கினு போனாங்கன்னு இதுமேல எழுதிடணும். புத்தகம் திரும்பி வந்ததும் மறுபடி ஏறிக்கும்."

இந்தத் தடவை சிரிப்பில்லை, தலைகள் மட்டும் ஆடின. தலையாட்டலைத்தான் நம்பக்கூடாதே.

பஸ் டிரைவர், வடக்கனந்தல்காரர், வாசலில் வந்து நின்றார். "இன்னா சார், வரீங்களா இல்லியா? நாளைக்கு மறியலாம். கீழ மரத்த வெட்டிப் போட்டுட்டா பஸ்ஸத் தோள்ல தூக்கிக்கினா போவ முடியும்?"

"ஒரு புத்தகம் கேளுங்கண்ணே. எதுன்னாலும்."

"எனுக்கா? கோழி வளக்கறதப் பத்தி இருந்தா குடுங்க, வூட்டுல கோழிங்க ஜாஸ்தியா சாவுது."

நான் கையைக் கட்டிக்கொண்டேன். வாயையும். பிள்ளைகள் புத்தகப் பெட்டியைச் சுற்றி முண்டியடித்தார்கள். ஒருவன் பயிர்ப் புத்தகத்தை இழுத்தான், "அது நெல்லுடா, அதுக்குப் பக்கத்துல பாரு" என்று இன்னொருத்தி அவன் தலையில் தட்டினாள். கோழி கிடைத்தது. டிரைவர் வாங்கி அக்குளில் சொருகிக்கொண்டு திரும்பினார்.

"அண்ணே, அட்டைய எறக்கிட்டுப் போங்க" என்றாள் அந்தக் கண்டிப்புக்காரி.

டிரைவர் துள்ளிக் காலை உதறினார். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கி, "எங்க, எங்க?" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பள்ளிக்கூடமே சிரிப்பில் உருண்டது. அவள் மட்டும் நிதானமாகப் புத்தகத்தைப் பிரித்து, அட்டையை உருவி, அவர் பேரும் ஊரும் கேட்டு எழுதி, சின்னப் பெட்டியில் போட்டு மூடினாள்.

டீச்சர் என்னைப் பார்த்தார். "புத்தகப் பெட்டி?"

"இங்கயே இருக்கட்டும் டீச்சர்."

பிள்ளைகள் பஸ் வரைக்கும் ஓடி வந்தார்கள். காலியான கைகள் எனக்கு எடையே இல்லாமல் ஆடின. டிரைவர் கோழிப் புத்தகத்தைக் கண்ணாடியோரம் சாய்த்து வைத்து வண்டியைக் கிளப்பினார். அவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள் அந்தக் கண்டிப்புக்காரி.

"அண்ணே, பஸ்ஸு வராட்டியும் புத்தகம் வந்துடணும்."