பக்கத்து வீட்டுச் சூட்கேஸ்

எங்கள் பக்கத்து வீட்டில் புதுவருடம் ஜனவரி முதலாம் திகதி பின்னேரம் நான்கு மணிக்குத்தான் பிறக்கும். மெல்பேர்ன் முழுவதும் முதல்நாள் இரவே வெடி பார்த்துக் களைத்து, தூங்கி எழும்பி, மிஞ்சிய கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரம் அது. ஹவானாவில் அப்போதுதான் நடுச்சாமம். பக்கத்து வீட்டுக்காரர் கியூபாவில் பிறந்தவர். தன் ஊரில் பிறக்காத வருடத்தை அவர் தன் வீட்டுக்குள் எடுப்பதில்லை.

நாங்கள் மெல்பேர்னின் ரோவில் பகுதியில் வீடு வாங்கி வந்த புதிதில் இது எங்களுக்குத் தெரியாது. அன்று பின்னேரம் நான் முன்வளவில் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு வாசலில் வரிசையாகக் கார்கள் நின்றன. இறங்கிப் போனவர்கள் எல்லோரும் வயதானவர்கள், எல்லோரும் வெள்ளை உடுப்பு. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர் ஒரு வாளி நிறையத் தண்ணீரோடு வெளியே வந்தார். படியில் நின்று அதை வீதியைப் பார்த்து வீசி ஊற்றினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வெள்ளை உடுப்பு, கூட்டம், வீட்டு வாசலில் தண்ணீர், அழுத கண். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு இதற்கு மேல் யாராவது வந்து சொல்ல வேண்டுமா? நான் உள்ளே ஓடிப்போய், பகல் தூக்கத்தில் கிடந்த என் கணவரை எழுப்பினேன்.

"இஞ்சருங்கோ, பக்கத்து வீட்டில ஆரோ மோசம் போயிட்டினம் போல."

"ஆர்?"

"ஆரெண்டு எனக்கென்ன தெரியும்? அங்க அடுப்பு மூட்டியிருக்க மாட்டினம். நான் ஏதும் சமைக்கிறன், நீங்கள் ஒரு நல்ல சேட்டாப் போடுங்கோ."

சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. செத்த வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் மரக்கறிதானே. சட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனோம். செத்த வீடுகளுக்கென்றே இவர் ஒரு முகம் வைத்திருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்த மனிதரின் இரண்டு கைகளையும் பிடித்து, எங்களுக்குச் சரியான கவலை என்று சொன்னார்.

அந்த மனிதர் பிடித்த கைகளை விடாமல் இவரையே பார்த்தார். அவர் பேசியது ஸ்பானிய இழுவை கலந்த ஆங்கிலம். என் ஞாபகத்தில் நிற்பது என்னவோ எங்கள் ஊர்த் தமிழில்தான், அப்படியே எழுதுகிறேன்.

"நன்றி. இந்த வீதியில ஒருத்தரும் இதுவரைக்கும் இதைச் சொன்னதில்லை."

"எப்ப நடந்தது?" என்றார் இவர்.

"எனக்குப் பதினெட்டு வயசு. ஸ்பெயினுக்குப் போற கப்பலில ஏத்தி விட்டவை. அதுக்குப் பிறகு காணேல்லை."

"அம்மாவோ?"

"இல்லை. நாடு."

உள்ளே மேசையில் ஒரு முழுப் பன்றி வாட்டி வைத்திருந்தார்கள். அதைக் கண்டதும்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. தண்ணீர் ஊற்றுவது பழைய வருடத்தின் கெட்டதை வெளியே அனுப்பவாம், வெள்ளை உடுப்பு நல்ல சகுனத்துக்காம். நான் என்ன நினைத்து வந்தேன் என்று சொன்னபோது அந்தக் கிழடுகள் சிரித்த சிரிப்பில் வீடே குலுங்கியது. என் கத்தரிக்காய்க் குழம்பைப் பன்றிக்குப் பக்கத்தில் வைத்து, சட்டியை வழித்துத் துடைத்துச் சாப்பிட்டார்கள்.

சாப்பிட்ட பிறகு அவர் ஒரு மண்ணிறத் தோல் சூட்கேஸை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். வெறும் சூட்கேஸ். புதுவருடத்தன்று அதோடு வீதியைச் சுற்றி நடந்து வந்தால் அந்த வருடம் பயணம் கிடைக்கும் என்பது அவர்கள் ஊர் நம்பிக்கை. எங்கே பயணம் என்று கேட்டேன்.

"எங்கையெண்டு எனக்கும் தெரியும், சூட்கேசுக்கும் தெரியும். ஆனா நாடு விடுபடும்வரைக்கும் நான் அங்க கால் வைக்க மாட்டன். சத்தியம் பண்ணினனான்."

என் கணவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். இவரும் அதே சத்தியத்தைச் செய்தவர்தான். எங்கள் மண்ணில் எங்கள் ஆட்சி வரும்வரை கொழும்பு விமான நிலையத்தில் போய் இறங்க மாட்டேன் என்று, எங்கள் ஆட்கள் நிறைந்திருந்த ஒரு மண்டபத்தில் மேடையேறிச் சொன்னவர். நான் அப்போது முன்வரிசையில் இருந்து கை தட்டியிருக்கிறேன்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் நகமும் சதையும்தான். எங்கள் மகள் கியூபா அங்கிள் என்று கூப்பிடத் தொடங்க, எங்களுக்கும் அதுவே வாயில் வந்தது. ஊரில் நெல் அரிவு வெட்டுக்கு ஒருவர் வயலுக்கு மற்றவர் போய் ஆள் மாறுவதுபோல, இவர்கள் ஊர்வலத்துக்கு ஆள் மாறினார்கள். அவர்களுடைய கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் மடக்குக் கதிரையோடு வருவார்கள். அதனால் கோஷம் போடுகிற வேலை முழுக்க இவருக்குத்தான். ஒரு சொல்லும் விளங்காமல், தொண்டை கட்டும்வரை ஸ்பானியத்தில் கத்திவிட்டு வருவார். எங்கள் கூட்டங்களுக்கு அங்கிள் வந்தால், காணாமற்போன பிள்ளைகளின் படங்களில் ஒன்றைக் கேட்டு வாங்குவார். யாரோ ஒரு தாயின் மகனை, காற்றில் சரியாமல், நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நிற்பார். அந்தத் தாய் ஒருநாள் என்னிடம் வந்து, இந்த ஐயாவிடமே ஒவ்வொரு முறையும் கொடுங்கோ என்றா.

இவருடைய இளம் வயதில் அறைச் சுவரில் கியூபாவின் தாடிக்காரப் புரட்சிக்காரர் ஒருவரின் படம் ஒட்டியிருந்தது. அதை மட்டும் நாங்கள் அங்கிளிடம் மூச்சு விடவில்லை.

போன வருடம் ஏப்ரலில் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. இவருடைய அக்காவுக்குச் சலரோகம் முற்றி, கண் பார்வை முன்னமே போய்விட்டது. இப்போது சிறுநீரகமும் கைவிட்டுவிட்டது. டொக்டர்கள் இனி நாட்களை இழுக்கத்தான் முடியும் என்றார்களாம். எனக்கு மச்சாள், ஆனால் இவருக்கு அவ தாய்தான். இவர் தவழும் வயதில் தாய் போய்விட்டா. இவரைத் தூக்கி வளர்த்ததில் அவவுக்குக் கல்யாண வயதும் போய்விட்டது. இவர் நாட்டை விட்டுப் புறப்பட்ட அன்று படலையில் நின்றவவை அதற்குப் பிறகு இவர் கண்ணால் காணவில்லை. வீடியோவில் கூப்பிட்டால் இவர் அவவைப் பார்ப்பார், அவவுக்கு இவரைத் தெரியாது.

"தம்பி, நீ வரவேண்டாம். உனக்குத்தான் கரைச்சல். எனக்கு உன்ரை குரல் கேட்டாலே காணும்" என்று அவவே சொல்லிவிட்டா. அவ அப்படிச் சொன்னதுதான் இவரைக் கொன்றது.

போகவும் முடியாது, இருக்கவும் முடியாது என்று வீட்டுக்குள் உலாவினார். ஊர்வலப் படங்களில் எல்லாம் இவருடைய முகம் முன்னுக்கு நிற்கிறது. இறங்கியதும் பிடித்து விசாரிப்பார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது. எங்கள் ஆட்கள் துரோகி என்பார்கள். அந்தச் சொல்லை எங்கள் சனம் சோற்றுக்கு உப்புப் போடுவதுபோலப் போடும். ஆனால் இவரை மறித்தது இந்த இரண்டும் இல்லை. குப்பைத் தொட்டியை வெளியே வைப்பதற்குக்கூட அங்கிள் முற்றத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனபோதுதான் எனக்கு அது பிடிபட்டது.

"மேடையில சொன்னது கிடக்கட்டும்" என்றார். "அந்த மனுசன் இவ்வளவு காலமாக் காத்துக்கொண்டிருக்குது. அதுக்கு முன்னால நான் டிக்கெட்டோட எப்பிடி முழிக்கிறது? நீர் சும்மா இரும்."

சும்மா இரு என்று சொன்னால் இருக்கிற ஆள் நான் இல்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அங்கே ஒரு மனுசி கண் தெரியாமல் செத்துக்கொண்டிருக்கிறா, இங்கே இரண்டு ஆம்பிளைகள் சத்தியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். சமைத்த கையோடு நேரே அங்கிளின் வீட்டுக்குப் போனேன். சண்டை பிடிக்கும் எண்ணத்தில்தான் போனேன், மறைக்கவில்லை.

அவர் என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கோப்பி போட்டார். சீனியை முதல் சொட்டுக் கோப்பியில் போட்டு, நுரைக்கும்வரை அடித்து அடித்து ஊற்றுகிற கோப்பி. அது முடியும்வரை நான் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அக்காவின் கண், இவருடைய வெட்கம், குப்பைத் தொட்டி, ஒன்றும் விடவில்லை. அவர் என் முன்னால் கோப்பையை வைத்துவிட்டு இருந்தார்.

"ஊருக்குப் போய் எங்கட ஆக்களைப் பாத்துக்கொண்டு வரலாமெண்டு அங்கத்தை அரசாங்கம் ஒரு காலம் விட்டது" என்றார். "கனபேர் போச்சினம். நான் அவையளோட கதைக்கிறதையே விட்டுட்டன். துரோகியள் எண்டனான். அப்ப அம்மா உயிரோட இருந்தவ. போன் பண்ணேக்குள்ள ஒருநாளும் வாவெண்டு கேட்டதில்லை, அங்க வெயிலோ குளிரோ எண்டுதான் கேப்பா. பிறகு ஒருநாள் வேற ஆரோ போனை எடுத்தவை."

நான் கையில் எடுத்த கோப்பையைத் திரும்ப மேசையில் வைத்தேன்.

"நான் சொன்ன சொல்லைக் காப்பாத்தினன், பிள்ளை. அரசாங்கம் அதைக் கவனிக்கவே இல்லை. அம்மாதான் கவனிச்சவ."

எழும்பி உள்ளே போய் அந்த மண்ணிறச் சூட்கேஸோடு வந்தார். ஜனவரி இல்லாத ஒரு நாளில் அது வெளியே வந்ததை நான் அன்றுதான் கண்டேன். வீதியைச் சுற்றப் போகாமல், நேரே எங்கள் வாசலுக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். கதவைத் திறந்த இவர் சூட்கேஸைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"இது வீதியைச் சுத்தியே தேஞ்சு போச்சு" என்றார் அங்கிள். "ஒருக்கா விமானத்தில ஏத்தும். நீர் போய்ப் பாத்திட்டு வாரும். சத்தியத்தை நான் இஞ்ச இருந்து பாத்துக்கொள்ளுறன், எங்கட ரெண்டு பேற்றையும்."

இவர் அழுததை நான் அதிகம் கண்டதில்லை. அன்று அங்கிளின் தோளில் முகத்தை வைத்து, குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதார். எனக்கு அங்கிளின் மேல் அன்று வந்த அன்பை எந்த உறவுமுறையில் வைப்பதென்று இன்றும் தெரியவில்லை.

அந்தப் பழைய சூட்கேஸுக்கு இழுத்துப் போகச் சில்லுகூடக் கிடையாது. அதில் மச்சாளுக்கென்று மெல்லிய பருத்திச் சட்டைகளை மடித்து அடுக்கினேன். கொழும்பில் இவருடைய பாஸ்போர்ட்டை வாங்கிய அதிகாரி முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் முத்திரை குத்திக் கொடுத்தாராம். அதைச் சொல்லும்போது இவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். இவ்வளவு காலம் கத்தியிருக்கிறியள், ஒருத்தருக்கும் கேக்கேல்லைப் போல என்று நான் பகிடி விட்டேன்.

திரும்பி வந்த அன்று பின்னேரமே சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு அங்கிளிடம் போனோம். பிடியில் விமானத்தில் கட்டிய சீட்டு இன்னும் தொங்கியது. நான் கத்திரிக்கோல் எங்கே என்று கேட்டேன்.

"வெட்டவேண்டாம்" என்றார் அங்கிள். "ஒருக்காப் போய் வந்தது எண்டு அதுக்கு ஞாபகம் இருக்கட்டும்."

பிறகு நாட்டு நிலைமை எப்படி, சனம் என்ன சொல்லுது என்று எதையும் அவர் கேட்கவில்லை. கதிரையை இழுத்து இவருக்குக் கிட்டப் போட்டுக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அக்கா கவனிச்சாவோ?"

இவர் தன் இடது காதைத் தொட்டார். சின்ன வயதில் நாய் கடித்து, அந்தக் காதின் நுனியில் ஒரு துண்டு இல்லை. மச்சாள் கட்டிலில் கிடந்தபடியே கையை நீட்டி, முகத்தைத் தடவி, கன்னத்தால் ஏறி, காதில் வந்து நின்றாவாம். அந்த இடத்தை விரலால் இரண்டு மூன்று தரம் தடவிப் பார்த்தாவாம்.

"'ஓம், என்ரை பொடியன்தான்' எண்டவ" என்றார் இவர். "நான் நிண்ட நாள் முழுக்க அந்தக் காதை விடேல்லை."

அங்கிள் தலையை ஆட்டினார். எழும்பி மூன்று பேருக்கும் கோப்பி போட்டு வந்து வைத்தார். கோப்பி ஆறிப் போனது.

எங்கள் ஆட்கள் அதற்குப் பிறகு இவரை மேடையில் ஏற்றுவதில்லை. இவர் அதைப் பெரிதாக எடுக்கவுமில்லை. கூட்டங்களுக்குப் போகிறார், ஒரு படத்தை வாங்கிக்கொண்டு அங்கிளுக்குப் பக்கத்தில் நிற்கிறார். சத்தியம் உடைந்ததே தவிர, நாடு வேண்டும் என்ற ஆசை இவருக்கு ஒரு சொட்டும் குறையவில்லை. அதை நான் யாருக்கும் அடித்துச் சொல்வேன்.

மழைக்குணமான ஒரு சனிக்கிழமை காலையில் மச்சாள் போன செய்தி வந்தது. நான் அங்கிளுக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு இவருக்குப் பக்கத்திலேயே இருந்தேன். அடுப்பு மூட்டவில்லை. மதியம் கடந்து கதவு மணி அடித்தது.

வாசலில் அங்கிள் வெள்ளைச் சேட்டோடு நின்றார். கையில் ஒரு பெரிய சட்டி. கறுத்த பீன்ஸும் சோறும்.

"இறைச்சி போடேல்லை" என்றார் என்னிடம். "நீங்கள் இண்டைக்குச் சமைக்க மாட்டியள் எண்டு தெரியும்."

உள்ளே வந்து இவருடைய இரண்டு கைகளையும் பிடித்தார். எனக்குச் சரியான கவலை என்றார். இவர் ஓம் என்று தலையாட்டினார். அங்கிள் என்னிடம் வந்து வாளி எங்கே என்று மெதுவாகக் கேட்டார். குளியலறையில் இருந்ததை எடுத்து நிரப்பிக் கொடுத்தேன். அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், எங்கள் படியில் நின்று, வீதியைப் பார்த்து வீசி ஊற்றினார். பிறகு கண்ணைத் துடைத்தார்.

எதிர்வீட்டுப் பெண் காருக்குப் பக்கத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை உடுப்பு, வாசலில் தண்ணீர், அழுத கண். அவள் என்ன நினைத்தாளோ தெரியாது. இந்தமுறை அது செத்த வீடுதான்.