ஊருக்கெல்லாம் ஃபாரம் நிரப்பிய காளிராஜ்

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் என் போட்டோ ஸ்டூடியோவும் காளிராஜின் ஆன்லைன் சென்டரும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு பதினாலு வருஷமாக இருக்கின்றன. பாஸ்போர்ட், விசா என்று அவனிடம் வருகிறவர்களை என்னிடம் அனுப்புவான். நான் வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்காரவைத்துப் படம் எடுத்துத் திருப்பி அனுப்புவேன். இந்த ஊரிலிருந்து உகாண்டா, உஸ்பெகிஸ்தான் என்று நூல் மில் வேலைக்குப் போன ஃபிட்டர்களில் பாதிப் பேர் எங்கள் இருவர் கை வழியாகத்தான் போயிருக்கிறார்கள்.

காளிராஜுக்குச் சொந்த ஊர் செட்டியார்பட்டி. படித்தது பிளஸ் டூ. ஆனால் குடியுரிமைச் சட்டத்தில் வக்கீல்களே அவனிடம் சந்தேகம் கேட்டு நான் பார்த்திருக்கிறேன். அவன் குறை ஒன்றுதான், கேட்காதவர்களுக்கும் சொல்லுவான். "ஒரு காலத்துல இந்த மண்ணுல பொறந்தா போதும், இந்தியன். எண்பத்தேழுக்குப் பொறவு அப்பன் ஆத்தா யாருன்னு கேட்டான். ரெண்டாயிரத்து நாலுக்குப் பொறவு இன்னும் இறுக்கிட்டான். வெளிநாட்டுல பிள்ள பெத்தா ஒரு வருசத்துக்குள்ள நம்ம தூதரகத்துல பதியணும். தவறிட்டா டெல்லி வரைக்கும் அலையணும்." ஆதார் கார்டில் முகவரி மாற்ற வந்த ஆளுக்கு இது எதற்கு?

சாயங்காலமானால் ரிட்டயர்டு ஹவில்தார் தங்கப்பாண்டியன் பேப்பரோடு வந்து உட்காருவார். எந்த நாடு எந்தச் சட்டத்தை மாற்றியது என்பது அவருக்கு அத்துப்படி. "மில்லுக்குள்ள போனா அம்புட்டுப் பேரும் வடக்கத்தியான். வந்தவன எல்லாம் திருப்பி அனுப்பணும்லே" என்பார். அவர் மகன் கனடாவில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பித்து மூன்று வருஷமாகக் காத்திருக்கிறான்.

காளிராஜ் தட்டச்சை நிறுத்தாமலே சொல்லுவான்: "கனடாவுலயும் ஒரு ஹவில்தார் பேப்பரும் கையுமா உக்காந்து இதத்தான் சொல்லுதாராம் மாமா."

இப்படிப்பட்டவன் சொந்தத் தங்கச்சி விஷயத்தில் கோட்டை விட்டான்.

தங்கச்சி முனீஸ்வரி. அவள் புருஷன் சோலைராஜ் உகாண்டாவில் ஜின்ஜா என்ற ஊரில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர்; அவளும் அங்கே அவனோடுதான் இருக்கிறாள். கல்யாணமாகி முதல் பிள்ளை வயிற்றில் ஏழாம் மாதத்திலேயே போய்விட்டது. இரண்டாவது, பிறந்து மூன்றாம் நாள். இரண்டுக்கும் அவள் முன்கூட்டியே ஆசையாகப் பெயர் வைத்திருந்தாள். மூன்றாவது உண்டானதும் காளிராஜ் வன்னியம்பட்டிப் பக்கம் இருக்கிற அவர்கள் குலசாமி அய்யனாரிடம் போய் நேர்ந்துகொண்டான்: இந்தப் பிள்ளை தங்கினால் தாய்மாமன் என் மடியில் வைத்து உன் வாசலில் மொட்டை எடுக்கிறேன், அங்கேதான் பேர் சொல்லுவேன், அதுவரைக்கும் பிள்ளைக்குப் பேர் கிடையாது.

பெண் பிள்ளை. பங்குனி ஆறாம் தேதி உகாண்டாவிலேயே சுகமாகப் பிறந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'முனீஸ்வரியின் பெண் குழந்தை' என்று மட்டும் எழுதியிருந்தது. அடுத்த பங்குனி உத்திரத்துக்கு வாருங்கள், மொட்டையும் பேரும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று இவன் சொல்லிவிட்டான்.

தப்பு எங்கே என்றால், நம் ஊரில் பிறப்புச் சான்றிதழைப் பேர் இல்லாமலே வாங்கலாம். குலசாமி கோயிலில் பேர் வைத்த பிறகு நகராட்சியில் சேர்த்துக்கொள்ளலாம். காளிராஜே அப்படி எத்தனையோ பிள்ளைகளுக்குச் சேர்த்துக் கொடுத்திருக்கிறான். அந்தப் பழக்கத்திலேயே இருந்துவிட்டான். வெளிநாட்டில் பேர் இல்லாமல் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாமல் பதிவு இல்லை, பதிவு இல்லாமல் பாஸ்போர்ட் இல்லை என்பது, தை மாதக் கடைசியில் சோலைராஜ் டிக்கெட் போடப் போனபோதுதான் உறைத்தது. ஒரு வருஷக் கெடு முடிவதோ உத்திரத்துக்கு இரண்டு வாரம் முன்னால்!

அன்றைக்குக் காளிராஜ் என் ஸ்டூடியோவுக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "உகாண்டாவுலயும் குடிமகள் இல்ல. இங்கயும் இல்ல. எந்த நாட்டுக்கும் சேராத பிள்ளையா ஆக்கிட்டேனேலே எட்வினு."

"இம்புட்டுத்தானா? போன்ல ஒரு பேரச் சொல்லு. எழுதிக் குடுத்துரட்டும்" என்றேன்.

அவனும் அதைத்தான் செய்தான். முனீஸ்வரி ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். "நேந்தது நீ. உம் மடியில உக்காராம எம்பிள்ளைக்குப் பேரு வேண்டாம்ணே. பேரு சொல்லிக் கூப்புட்ட ரெண்டும் போச்சு. இதுக்கு நான் பாப்பான்னு கூட மெதுவாத்தான் சொல்லுதேன்."

எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத்தன்று பெயர் வைக்கிற வழக்கம்; அதையே நாங்கள் இரண்டு நாள் தள்ளிப் போட்டால் என் மனைவிக்குத் தூக்கம் வராது. முனீஸ்வரியை எப்படிக் குறை சொல்வது?

மறுநாள் நானும் காளிராஜும் அய்யனார் கோயிலுக்குப் போனோம். பூசாரி சமுத்திரம் மற்ற நாளில் ஆட்டோ ஓட்டுகிறவர், சவாரியை இறக்கிவிட்டு வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "முடிதான் சாமிக்கு. அத மெதுவாக் குடுக்கலாம், அய்யனாரு எங்கயும் ஓடிரப் போறதில்ல. பேருக்கு வேண்டியது உன் மடி. பிள்ள வர முடியலன்னா மடி போகட்டும். கோயில் வாசலுக்குப் பதிலா இந்தத் திருநீறு போகட்டும்." ஒரு பொட்டலம் திருநீறு மடித்துக் கொடுத்துவிட்டு ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மடி போக வேண்டும் என்றால் மடிக்குப் பாஸ்போர்ட் வேண்டுமே! ஊருக்கெல்லாம் ஃபாரம் நிரப்பியவனுக்குச் சொந்தமாக ஒன்று இல்லை. "நான் எங்க போகப் போறேன்" என்றே இருந்துவிட்டான். அன்றைக்கு அவனை வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்காரவைத்தேன். "கண்ணத் தொறலே, சிரிக்காத" என்று அதட்டினேன். பதினாலு வருஷத்தில் நான் ரசித்து எடுத்த பாஸ்போர்ட் படம் அது ஒன்றுதான். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் விஷயம் தெரிந்து கடைவாசலிலேயே நின்று சிரித்தார்: "உங்களுக்கே இல்லையாண்ணே?"

தட்கலில் பாஸ்போர்ட் வந்தது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுப் பத்து நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பத்து நாளும் அவன் கடையில் சட்டம் பேசவில்லை. தங்கப்பாண்டியன் வீணாகப் பேப்பரை விரித்து வைத்துப் பார்த்தார். கிளம்புகிற அன்று அவரே மதுரை வரைக்கும் கூட வந்து, "பாத்துப் போயிட்டு வாலே. நம்ம பிள்ளைய விட்டுறாத" என்று விமான நிலைய வாசலில் கண்கலங்கினாராம். திருப்பி அனுப்புகிற பேச்சை அதற்குப் பிறகு நான் அவர் வாயில் அதிகம் கேட்கவில்லை.

உகாண்டாவில் இறங்கியதும் காளிராஜ் விமான நிலையத்தின் வெளிவாசலைக்கூடத் தாண்டவில்லை. தள்ளுவண்டியை ஓரமாக விட்டுவிட்டுத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். புருஷனோடு அழைக்க வந்திருந்த முனீஸ்வரி பிள்ளையை அவன் மடியில் வைத்தாள். முன்பின் பார்க்காத ஆள், பிள்ளை வீறிட்டது. நெற்றியில் திருநீறு இட்டு, காதருகே குனிந்து மூன்று தடவை சொன்னான்: "பூரணி." அய்யனார் பக்கத்தில் இருக்கிற அம்மன் பெயர். சோலைராஜ் எடுத்து அனுப்பிய வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. அதில் முனீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். பிள்ளையை வாங்கும்போதுகூட "பாப்பா, அழாத" என்றுதான் சொல்லுகிறாள்.

அந்த ஊர்ப் பிறப்புச் சான்றிதழ் கைக்கு வர ஐந்து நாள் ஆனது. கெடுவுக்கு முந்தின நாள் காலையில் தூதரகத்துக்குப் போனார்கள். அங்கே போனை உள்ளே விடவில்லை. அதனால் அந்தக் காட்சிக்குப் படம் கிடையாது. படம் எடுத்துப் பிழைக்கிறவனுக்கு இது பெரிய வருத்தம். காளிராஜ் சொன்னதைத்தான் சொல்லுகிறேன்.

கவுண்டரில் இருந்த அம்மாள் ஃபாரத்தை ஒருமுறை பார்த்தாளாம். பிறகு தாயைப் பார்த்து, பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டாளாம். எழுதியிருப்பதுதான், ஆனாலும் கேட்க வேண்டும் போலிருக்கிறது. முனீஸ்வரி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். எந்தக் கவுண்டரிலும் அடுத்தவருக்கு முந்திக்கொண்டு பதில் சொல்லுகிற காளிராஜ், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. சோலைராஜ் சொல்ல வந்ததையும் கையை அழுத்தி நிறுத்திவிட்டான். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"பூரணி" என்றாள் முனீஸ்வரி.

முத்திரை விழுந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லையாம். இடுப்பில் இருந்த பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "பூரணி" என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிள்ளை அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது.

"ஏட்டி பூரணி, ஆத்தாவப் பாருடி. பூரணி… பூரணி…" வெளியே வந்து பஸ் ஏறுகிற வரைக்கும் அவள் சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாளாம்.